எடை: மெல்லிது

அட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
நிஸ்தார் நானாவின் அச்சகம்.
கடை பூட்டிய பிறகு எழுதினேன்,
நூற்றியெண்பது ரூபாய்க் கண்மைத் தூரிகையால்,
பாழான போட்டோகாப்பித் தாள்களின் பின்பக்கத்தில்.

அகரத்துக்குப் பதினொரு தாள்.
'இ' முதல் தடவையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.
'ஞ'வை மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்கக் கெஞ்சினேன்.
புள்ளிகளை ஒரு பக்கம் நிறைய வைத்து
வட்டமில்லாத ஒன்றை எடுத்துக்கொண்டேன்;
தாளைவிட்டுப் போக மனசில்லாமல்
தூரிகை இழுத்த சின்ன வால் அதற்கு.

எடை என்ன என்று கேட்டது கணினி.
மெல்லிது, நடுத்தரம், தடிப்பு, மிகத் தடிப்பு.
என்னிடம் இருந்தது ஒன்றுதான்.
பேர் கேட்டது.
'பேரில்லை 7' என்று சேமித்தேன்.

அது வேலைக்குப் போகத் தொடங்கியது.
கல்யாண அட்டையில் மணமகளுக்கு மட்டும்
(மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் தடிப்பாய் வேண்டுமாம்).
கேக் பெட்டியில், பார்லர் கண்ணாடியில்.
தேயிலைப் பொட்டலமொன்றில் 'கைப்பக்குவம்' என்று,
எந்தக் கை என்று சொல்லாமல்.
முப்பத்தோராம் நாள் அஞ்சலிக்கு
'கண்ணீர்' என்று அடித்தபோது
ணகரங்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டன.
மயிரளவு காற்று விட்டேன் நடுவில்.

சிலதுக்கு உதவவில்லை.
'நாய் கவனம்' என்று போட்டால்
வாலாட்டுகிற நாய்.
'கடன் இல்லை' என்று ஒட்டிய கடையில்
அன்றைக்கே மூன்று பேர் கடன் கேட்டார்களாம்.

போயா நாளில் பவளராணி வந்தாள்,
விரலில் கொழுந்துக் கறையோடு.
ஆறடிக்கு மூன்றடி பதாகை.
*ஈரத்துக்கென்று கழித்த 2 கிலோவைத் திருப்பித் தா.*
தடித்த எழுத்தைத் திறந்தேன்.
சுவரில் தொங்கிய கல்யாண அட்டையைக் காட்டினாள்.
"அதுல போடு."

தூரத்துக்குத் தெரியாதக்கா, மெல்லிசு.

"தடிச்ச எழுத்தெல்லாம் அவங்க போர்டு.
உள்ளே வராதே.
கிலோ கொறஞ்சா அரைப்பேர்.
தூரத்துல நின்னே வாசிச்சாச்சு எல்லாத்தையும்.
இத வாசிக்க
அவங்க கிட்ட வரட்டும்."

அப்போதுதான் கவனித்தேன்:
எண்களையே நான் எழுதியிருக்கவில்லை.
தேதிகளுக்கு எப்போதும் வேறு எழுத்துரு.
மை தொட்டு அவள் முன்னாலேயே 2 போட்டேன்.
"இவ்வளவு குனியுது."
இன்னொன்று.
"கழுத்த நிமுத்து."
ஒன்பதாவதற்குத் தலையாட்டினாள்.

பில் போடும்போது
ஓரத்தில் வீணான இரண்டு அங்குலத்துக்கு
நானா காசு கழித்தார்.

சேமிக்கும்போது மறுபடி பேர் கேட்டது கணினி.
'முழுப்பேர்' என்று அடித்தேன்.
எடையை மாற்றவில்லை.

சுருட்டிய பதாகையைக் கக்கத்தில் இடுக்கி
மஸ்கெலியா பஸ்ஸுக்கு ஓடினாள், மழையில்.
படியில் நின்ற ஒருவருக்கு
சுருளுக்கு வெளியே 'தா' மட்டும் தெரிந்திருக்கிறது.
தலையைச் சாய்த்தார்.
பிறகு, கம்பியை ஒரு கையால் பிடித்தபடி,
கிட்ட வந்தார்.