கனநீர்க் குப்பி

மூன்றாம் மாடியில் அந்தச் சன்னல் சரியாகச் சாத்தாது.
ஆனி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
வடவள்ளி வரைக்கும் வந்து
எங்கள் காகிதங்களைப் புரட்டிப் பார்க்கும்.

ரோஸ் பெங்கால் கரைத்துவைத்திருந்தோம்.
பச்சை லேசர் ஒரு தட்டுத் தட்டும்.
வாங்கிய அடியைச் சாயம்
பக்கத்திலிருக்கும் ஆக்ஸிஜனிடம் கைமாற்றிவிடும்.
கிளர்ந்த ஆக்ஸிஜன் இறங்கும்போது
எப்போதாவது, சிவப்புக்கும் அப்பால், ஓர் ஒளி.
நம் கண்ணுக்குக் கிடையாது.
திரவ நைட்ரஜனில் விறைத்துக் கிடக்கும்
ஜெர்மேனியத் துண்டுக்குத்தான் தெரியும்.

எப்போதாவது என்றேனே, தண்ணீரில் அது
பத்து லட்சத்தில் ஒன்று.
மிச்சத்தையெல்லாம் தண்ணீரே வாங்கிக்கொள்ளும்.
துள்ளிக்கொண்டே இருக்கும் ஹைட்ரஜனுக்கு
எதைக் கொடுத்தாலும் ஆட்டம்தான்.
மூன்றரை மைக்ரோ விநாடி. தீர்ந்தது.
சிறுவாணியின் ருசியைப் பற்றி ஊரே பேசும்;
கருவிக்கு அது வெறும் இருட்டு.

கார்பன் டெட்ராகுளோரைடு ஹைட்ரஜன் இல்லாத வீடு.
யாரும் எதையும் பிடுங்குவதில்லை.
பல்லாயிரம் மடங்கு சாவகாசமாய் அணையும் ஒளி.
ஆனால் மூடியைத் திறந்தவரின் ஈரலை அது விடாது.

நடுவில் கனநீர்.
பத்து மில்லி, கருணாம்பிகை கணக்குப்படி,
திருப்பூர்ச் சாயப்பட்டறையில்
அவள் அண்ணனின் நான்கு நாள் கூலி.
இரட்டை எடை, மந்தமான ஆட்டம்;
அறுபத்தேழு வரவேண்டும்.

ஐம்பத்தெட்டு வந்தது.
மறுபடியும் ஐம்பத்தெட்டு.
லேசரைச் சந்தேகித்தோம். சாயத்தை. பிறகு,
வாய்விட்டுச் சொல்லாமல், ஒருவரையொருவர்.

அவள்தான் குப்பியைத் தூக்கிப் பார்த்தாள்.
மூடி அரைத் திருகு தளர்ந்திருந்தது.
முந்தின நாள் கடைசியாக மூடியவள் நான்.

இரவெல்லாம் உள்ளே வந்துபோன ஈரக்காற்று
நூற்றில் ஒரு பங்கு, அதுகூட இருக்காது,
கலந்துவிட்டுப் போயிருக்கிறது.
அந்தக் கொஞ்சத்துக்கே
ஒன்பது மைக்ரோ விநாடி போயிற்று.

திட்டுவாள் என்று நின்றேன்.
நோட்டை இழுத்து, கரைப்பான் என்ற இடத்தில்
கனநீர் என்பதற்குப் பக்கத்தில்
‘வடவள்ளிக் காற்று, ஒரு சதம்’ என்று எழுதினாள்.
விரல் பட்ட இடமெல்லாம் ரோஜா நிறம்.
“எங்கண்ணன் கையும் இப்பிடித்தாங்க,
சோத்துல கூட ஒட்டும்.”

அட்டை ஒன்றை மடித்துச் சன்னல் இடுக்கில் செருகினேன்.
காற்று அதைச் சித்தெ நேரம் தள்ளிப் பார்த்தது.
நாங்கள் அடுத்த குவெட்டைக் கழுவினோம்,
தண்ணீரில் அல்ல.