நிறை குறை

சலவைக் கூடைக்கும் சுவருக்கும் நடுவில்
கண்ணாடித் தட்டாகக் கிடக்கிறது அது.
மிக்றோவில் வாங்கினது, இருபத்தொன்பது பிராங்.
முள் இல்லை, நடுங்கித் தயங்காது.
கால் வைத்தால் மூன்றுதரம் கண் சிமிட்டித்
தீர்ப்பை எழுதிவிடும்.

வேலையால் வந்த விடிகாலை 84.6.
சிறுநீர் கழித்தபின் 84.3.
கொண்டை ஊசிகளை உருவினேன். 84.3.
தாலிக்கொடியைக் கழற்றினேன்,
பதினொரு பவுண்.
84.2.
ஒருவரும் பார்க்கவில்லை.
திரும்பப் போட்டுக்கொண்டேன்.

"கிழமைக்கு ஒருதடவை" என்கிறார்
ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் றெகுலா அம்ஸ்லர்.
"புதன்கிழமை. காலை. வெறும் வயிறு.
மற்ற நாளில் ஏறாதீர்கள்,
அது தண்ணீரின் கதையைத்தான் சொல்லும்."
நான் தலையை ஆட்டினேன்.
எங்கள் தலையாட்டல் ஓமா இல்லையா என்று
பன்னிரண்டு வருஷமாய் இந்த ஊருக்குத் தெரியாது.
அது எனக்கு வசதி.

பாரத்தை நாங்கள் நிறை என்போம்.
நிறைகுடம் தளம்பாது என்றும் சொல்லுவோம்.
நிறை குறைய வேண்டும் என்று
டொக்டர் எழுதித் தந்த கடதாசியை
இந்த இரண்டு சொல்லையும் வைத்துக்கொண்டு
நான் எப்படி வாசிப்பது?

ஹேர்க்கிங்கனில், பொதிகள் பிரிக்கும் இடத்தில் இரவு வேலை.
நாய்த்தீன், சப்பாத்து, வைன், ஆரோ ஒருவரின் கட்டில்கால்,
எல்லாம் பட்டியில் ஓடிவந்து தராசைக் கடக்கும்.
ஒரே ஒரு தடவை.
ஒரு பெட்டியாவது திரும்பி வந்து
"இன்னொருக்கா நிறுத்துப் பார்" என்று கேட்டதில்லை.

ஞாயிறு டுல்லிக்கன் மண்டபத்தில் சாமத்தியவீடு.
இரண்டு ரோல்ஸ், கொஞ்சம் புரியாணி,
வேண்டாம் என்று சொன்ன பிறகு ஒரு துண்டுக் கேக்.
திங்கள் 86.1.
கணக்குக் கேட்டேன் தட்டிடம்:
நான் தின்றது முழுக்கச் சேர்த்தாலும்
ஒரு கிலோ வராதே, மிச்சம் ஆருடையது?
உப்பு, என்றிருப்பார் அம்ஸ்லர்.
தட்டு ஒன்றும் சொல்லாமல் அணைந்தது.
இறங்கி ஏறினேன். 86.1.
ஓட்டின் மேடுபள்ளமோ என்று
கதவடிக்கு இழுத்து வைத்து ஏறினேன். 86.3.
பழைய இடத்திலேயே விட்டேன்.

"ஆறுகாலப் பூசை நடக்குது குளியலறைக்குள்ள"
என்றார் சத்தியரூபன்.
பற்றரியைக் கழற்றி ரிவி றிமோட்டுக்குப் போட்டார்.
றிமோட்டில் இருந்து நான் திருப்பி எடுத்தேன்.
இதைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை.

பிறகு அவர் திருகோணமலை போக வேண்டி வந்தது,
தம்பிக்கு ஒப்பரேசன்.
இருபத்துமூன்று கிலோதான் விடுவார்கள்.
பெட்டியைத் தட்டில் வைத்தால்
இலக்கம் அடியில் மறைந்துபோகிறது.
"தூக்கிக்கொண்டு ஏறு" என்றார்.
முதுகு பிடித்த மனுசன், நான்தான் ஏற வேணும்.
ஏறினேன். 107.9.
கோப் துண்டுச்சீட்டின் பின்பக்கம் எழுதிவிட்டுப்
பென்சிலோடு நின்றார்.
"இப்ப உன்னைச் சொல்லு. கழிக்க வேணும்."

கலியாணமாகிப் பதினெட்டு வருஷம்.
வயதைக் கேட்டிருக்கிறார், சம்பளத்தைக் கேட்டிருக்கிறார்.
பெட்டி கையை அறுத்தது.
வெளியே ஆரே ஆற்றில் இருந்து எழுந்த மூடுபனி
யன்னலை முழுதாய் அடைத்திருந்தது.
"எண்பத்துநாலு புள்ளி நாலு"
என்றேன், பொதியொன்றின் நிறை சொல்வதுபோல.

நிமிர்ந்து பார்க்கவில்லை.
கழித்தார். கோடு கீறினார்.
"அரைக் கிலோ கூட. அந்தச் சொக்கிலேற்றில
இரண்டு பைக்கற்றை எடு."

எடுத்தேன். ஒன்றை உடைத்து
ஆளுக்குப் பாதி தின்றோம், நின்றபடியே.

அவர் போய் மூன்று நாள். அந்தச் சீட்டு
இன்னும் குசினி மேசையில் கிடக்கிறது:
முன்பக்கம் வெங்காயம், பால், பின்பக்கம்
எனக்குக் கீழே ஒரு கோடு.

இன்றைக்குச் செவ்வாய்.
பல் விளக்குகையில் பெருவிரல் தவறிப் பட்டுத்
தட்டு விழித்துக்கொண்டது.
0.0 என்றது.
கொஞ்ச நேரம் காத்திருந்தது, பாவம்.
வாயில் நுரையோடு
நாளைக்கு என்றேன்.