பெயரின் முதல் எழுத்து

செய்தித்தாளின் நான்காம் பக்கத்தில்
கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்.
குடும்பப் பெயரின் முதல் எழுத்து இடப்பக்கம்,
பேருந்து ஏற வேண்டிய ஆண்டுகள் வலப்பக்கம்.
லாட்டரி முடிவு பார்ப்பதுபோல
விரலை வைத்துக்கொண்டே கீழே இறங்கினேன்.

என் வீட்டில் இரண்டு எழுத்து.
கார்லிஸ், முதல் கணவரின் மகள், யான்சி.
டெல்மர், இப்போதைய கணவரின் மகன், பீஸ்லி.
ஒரே கட்டிலின் மேல்தட்டும் கீழ்த்தட்டும்.
மகளுக்கு இந்த வருஷமே இருபது மைல்.
மகனுக்கு அடுத்த தெருப் பள்ளியே.

தலையெழுத்து என்பார்கள்.
இங்கே நீதிமன்றம் அதைத் தட்டச்சு செய்து
மூன்று பிரதி எடுத்திருந்தது.

வெள்ளைக்காரப் பிள்ளைகளின் எழுத்துக்கு இரண்டு ஆண்டு,
எங்களுடையதற்கு எட்டு, சிலதற்குப் பத்து.
சமம் என்ற சொல்லைக் கூட்டிப் பார்த்தேன்.
கணக்கு உதைத்தது.
ஆனாலும் அனுப்பினேன்.

செப்டம்பர். சிகரெட் ஆலையில் இரவு வேலை முடிந்து
புகையிலை மணக்கும் விரல்களால் பின்னல் போட்டுவிட்டேன்.
ஐந்தே முக்காலுக்கு வந்தது பேருந்து,
முன்னால் மோட்டார் சைக்கிளில் போலீஸ்.
ஓட்டுநர் ஹாஸ்கின்ஸ் தணிந்த குரலில் சொன்னார்,
"ஜன்னல் பக்கம் வேண்டாம், பாப்பா."

மாலையில் அவள் கற்களைப் பற்றிப் பேசவில்லை.
முடியிலிருந்து கண்ணாடித் தூளை
நான் சீப்பால் எடுத்துக்கொண்டிருக்க,
"அங்கே ஒவ்வொரு மேசைக்கும் ஒரு குழாய், அம்மா.
திருகினால் தண்ணீர் வருகிறது.
பூகோளப் புத்தகத்தில்
எனக்கு முன்னால் யார் பெயரும் இல்லை."

டெல்மர் அப்போதுதான் வாய் திறந்தான்.
அவன் வகுப்புக்கும் ஒருவன் வந்திருக்கிறான்,
புறநகரிலிருந்து எழுத்து இழுத்துவந்த
ராய்ஸ் ஹெட்டிங்கர்.
மதியம்வரை தோள்பையைக் கழற்றவே இல்லையாம்.
பிறகு கணக்குப் புத்தகம் கொடுத்தார்கள்.
அட்டையின் உட்புறம், எப்போதும்போல,
ஒன்பது பெயர்கள்,
எங்கள் தெருவில் எவரும் வைத்துக்கொள்ளாத பெயர்கள்.
அவர்கள் பள்ளி கழித்துப்போட்டதுதானே
எங்கள் பள்ளிக்கு வரும்.

ஏழாவது பெயர்
அவனுடைய அக்காவின் பெயர்.

"என்ன செய்தான்?"
"கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். மை போகவில்லை.
அப்புறம் என் புத்தகத்தைக் கேட்டான்.
அதையும் திறந்து பார்த்தான்.
அப்புறம் பக்கத்துப் பையனுடையதை.
அப்புறம் அவனுக்குப் பின்னால் இருந்தவனுடையதை."

"எதுவரைக்கும்?"

"மணி அடிக்கும்வரை."