இடது பூட்ஸ்

முதல் படத்தில் ஒரு ஹெலிகாப்டர்.
இரண்டாவதில் ஒன்பது.
ஒன்பதையும் எண்ணிப் பார்த்தவன் நான்,
பர்பாங்கில், ஜன்னலில்லாத ஓர் அறையில்,
மின்விசிறிக்கு முன்னால்
ஒரு தோல் கையுறையைப் படபடக்க விட்டபடி.

என் பிழைப்பு இது:
எலும்பு முறிய வேண்டுமென்றால் செலரித் தண்டு.
குத்து விழ வேண்டுமென்றால்
ஈரத் துண்டு சுற்றிய கோழி.
திரையில் யார் நடந்தாலும் நடப்பது நான்.
நாற்பத்தாறு ஜோடி காலணி,
தட்டுத் தட்டாகச் சரளை, மணல், உடைந்த ஓடு.
ஹ்ராச்யா மெலிக்யான் என்ற பெயரை
ஒரே ஒரு படத்தில்தான் பிழையில்லாமல் போட்டார்கள்.
அது மேலேறும் நேரம்
பாப்கார்ன் கூட்டுகிறவர் மட்டும் அரங்கில்.

முதல் படத்தின் முடிவில்
நாயகனுக்கு முழங்காலில் குண்டு.
அதற்குள் பணம் தீர்ந்திருந்தது.
நொண்டுவதைக் காட்ட ஒரே ஷாட், அதுவும் இருட்டு.
அதனால் ஒலியில் நடந்தேன்.
வலது, டக்.
இடது, சர்ர்… டக்.
குதிகால் தேய்ந்த பழைய பூட்ஸ்,
பசடீனா சந்தையில் நாலு டாலர்.

இரண்டாம் படத்துக்குப் பணம் வந்தது.
கூடவே ஒரு பாலம் வந்தது, இடிப்பதற்கு.
ஓர் உறைந்த ஏரி வந்தது, உடைப்பதற்கு.
நாயகன் நேராக நடந்து வந்தான்.
முழங்காலை யாரும் குணப்படுத்தவில்லை,
மறந்துபோனார்கள்.

ஃப்ரெஸ்னோவில், ஒரு செவ்வாய்க்கிழமை,
முந்நூறு பேருக்குப் போட்டுக் காட்டினோம்.
பாலம் இடியும்போது
பாதிப் பேர் கைபேசியில் மணி பார்த்தார்கள்.
கருத்துச் சீட்டுகளில்
'பரவாயில்லை', 'சத்தம்', 'ஏசி அதிகம்'.
ஒன்றில் மட்டும் பென்சிலால், கோணல் எழுத்தில்:
'அந்தக் கால் எப்போ சரியாச்சு?
என் வீட்டுக்காரருக்குப் பதினோரு வருஷமா ஆகலை.'

திரும்பும் வழியெல்லாம் பாதாம் தோப்புகள்.
எடிட்டர் ஓடெட் அந்தச் சீட்டை
மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தாள்.
பத்தாவது ஹெலிகாப்டர் சேர்த்தால் என்ன
என்று கேட்டார் தயாரிப்பாளர் டெரெல்.

மறுபடி படமெடுக்க வழியில்லை,
நடிகர் வேறு படத்துக்காக
ஐஸ்லாந்தில் தாடி வளர்த்துக்கொண்டிருந்தார்.
ஆனால் ஒரு நடைவழிக் காட்சி இருந்தது.
நாற்பது விநாடி, முகம் மட்டும்.
கால்கள் சட்டகத்துக்குக் கீழே,
எனக்கென்று யாரோ எடுத்து வைத்ததுபோல.
ஓடெட் இசையை எடுத்தாள்.
தூரத்து ஹெலிகாப்டரையும் எடுத்தாள்.
அது என் இரண்டு இரவு,
வாய் திறக்காமல் பூட்ஸைத் தேடினேன்.

முதல் தடவை அதிகம் இழுத்துவிட்டேன்,
பிச்சை கேட்கிற கால் போலிருந்தது.
நாலாவதில் தாளம் வந்தது, அதுவும் தப்பு.
ஏழாவதில்
நொண்டுவதை விட்டுவிட்டு
நொண்டாமலிருக்கப் பாடுபட்டேன்.
கண்ணாடிக்கு அப்பால் ஓடெட்
பேனாவைக் கீழே வைத்தாள்.

வெளியான வெள்ளி இரவு, க்ளெண்டேல்,
கடைசி வரிசையில் நானும் ந்வார்டும்.
பாலம் இடிந்தது. விசில்.
ஏரி உடைந்தது. விசில்.
நடைவழி வந்தது.
சர்ர்.
முன்னால் ஒரு பையனின் கை
பாப்கார்ன் வாளிக்குள்ளேயே நின்றது.
இருட்டில் யாரோ,
தெருவில் தெரிந்தவரைப் பார்த்ததுபோல,
'ம்' என்றார்.

அந்த 'ம்'மால்தான் வசூல் என்று சொல்ல மாட்டேன்.
சுவரொட்டியில் ஹெலிகாப்டர்கள்தான் பறக்கின்றன,
இன்னும் ஒன்பது.

திங்கட்கிழமை டெரெல் போன் செய்தார்.
மூன்றாவது உறுதியாம்.
'அந்த நொண்டல் பிரமாதம், ஹ்ராச்' என்றார்.
'இந்தத் தடவை
ரெண்டு காலையும் வெச்சுக்கலாமா?'