நடுவில் இருந்த கம்பி

தோமே நெசவாலையில்
அம்மாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அவள் காதுகள்தான்.
நாற்பது தறிகள் ஒன்றாய் அலறும் கூடத்தில்
மற்றவர்கள் பஞ்சுருட்டிச் செவியடைக்க
ஒதிலியாவுக்கு அந்தத் தொல்லை இல்லை.
அறுந்த நூலை உள்ளங்காலால் கண்டுபிடிப்பாள்.
தரையின் அதிர்வில் ஒரு சின்னத் தடுக்கல்,
அது போதும்.

அப்பா நிவால்டோவுக்குச் சாயக்கூடம்.
வீடு திரும்பிப் பேசும்போது
அவர் சொற்களெல்லாம் நீல நிறம்.

தொலைபேசி வந்த வருடம் எனக்கு ஆறு வயது.
உலகத்தையே இணைக்கும் என்றான் கம்பி இழுக்க வந்தவன்.
ஒரு முனை சுவரில்
மறுமுனை அம்மாவின் கண்களில்
நடுவில் கம்பியாய் நான்.

மணியடித்தால் ஓடுவேன்.
எரிவாயுக் கடை. ஆலை மேற்பார்வையாளர்.
பள்ளித் தலைமையாசிரியை
(என்மேல் வந்த புகாரை நானே மொழிபெயர்த்தேன்,
கொஞ்சம் சுருக்கி).
"உன் ஊமை அம்மாவிடம் சொல், வாடகை எங்கேயென்று"
என்பார் வீட்டுக்காரர்.
"வாடகை கேட்கிறார், உன்னையும் விசாரித்தார்"
என்பேன் விரல்களால்.
அம்மா சிரிப்பாள்.

காது கேளாதோர் சங்கத்தில் எனக்கு வைத்த பெயர்:
கட்டைவிரல் காதோரம், சுண்டுவிரல் வாயோரம்.
யார் கூப்பிட்டாலும் நான் ஒரு கருவி.

ஒன்பது வயதில் மருத்துவமனை கூப்பிட்டது.
அப்பாவின் நெஞ்சுப் படம்.
அவர்கள் சொன்ன வார்த்தை எனக்குத் தெரியாது.
எழுத்துக் கூட்டச் சொன்னேன். கூட்டினார்கள்.
பெரியவர் யாரேனும் இருந்தால் கொடு, பாப்பா.
இருந்தார்கள். எதிரிலேயே நின்றார்கள்,
அடுப்புத் துணியில் கை துடைத்தபடி.
என் விரல் பாதி வழி போய் நின்றது.
"இருமல் மருந்தை மாற்றணுமாம்."

கடிதம் வர பதினோரு நாள் ஆனது.
அந்தப் பதினோரு நாளை
நான் எந்த மொழியிலும் யாருக்கும் சொல்லவில்லை.

அப்பா போனார். பிறகு ஆலையும்.
தறிகளை எடைக்கு எடுத்துப் போனார்கள்.
தரை ஓய்ந்ததில் அம்மாவுக்கு
ஒரு வாரம் தூக்கம் பிடிக்கவில்லையாம்.

அப்புறம்தான் கைபேசி.
முதலில் தலையணைக்கடியில் துடிக்கும் ஒரு சின்னத் தறி,
கை மொழியின் வரிசையிலேயே எழுத்து:
"சனி நீ வா மீன் வாங்க நான்."
அப்புறம் முகம் காட்டும் கைபேசி.
சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து
வால்டிவியாவிலிருக்கும் எர்மெலிந்தாவோடு
மூன்று மணி நேரச் சண்டை. சூப் தீய்ந்தது.
பேருந்தில் ஒரு கை போனைப் பிடித்துக்கொள்ள
மறுகை சொல்வது பாதி வார்த்தை.
மீதியைத் தோழி ஊகித்துக்கொள்கிறாள்.
மின்கட்டணம் ஏறிவிட்டது:
பேச்சுக்கு வெளிச்சம் வேண்டுமே.

சந்தியாகோவில் எனக்கு அழைப்புகள் குறைந்தன.
விடுதலை என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன்.
பழைய கருவிக்குப் புதுக் கருவிமேல் வருகிற
அந்த அற்பப் பொறாமையை
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

போன செவ்வாய், தெரியாத எண்.
சளி பிடித்த இளம்பெண் குரல்,
தெற்கத்தி இழுவை:
"நான் உன் அம்மா."

மொழிபெயர்ப்பு மையமாம். அரசாங்கத்தது.
எங்கோ ஒரு அறையில்
அம்மாவின் கைகளைத் திரையில் பார்த்து
அவள் பேசுகிறாள். 'நான்' என்றே பேச வேண்டுமாம், விதி.

"வங்கியோடு சண்டை போட்டேன். நானே.
நாற்பது நிமிடம். ஜெயித்தேன்."
சிரித்தேன்.
"இன்னொன்று.
இருமல் மருந்தில்லை என்று அன்றைக்கே தெரியும்.
உன் முகம் எழுத்துக் கூட்டியது.
குழந்தை, இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்கட்டும் என்று விட்டேன்.
தப்பு. அதை நான் வாங்கியிருக்க வேண்டும்."

குரல் தடுக்கியது.
"மன்னித்துவிடு."
அது அம்மாவினுடையதா
அந்தப் பெண்ணே சொன்னதா, தெரியவில்லை.

பதிலுக்கு என் கை எழுந்தது
அலுவலக மாடிப்படியில், வெறும் காற்றில்.
என் பக்கம் காட்சி இல்லை. குரல் மட்டும்தான்.
"சொல்லுங்கள்," என்றாள் அவள்,
"நான் சொல்லிவிடுகிறேன்."