கழித்தல் குறி

தோத்தாபுரி நாலு டன்.
சித்தூர் கூழ் ஆலைக்காரர்
தெலுங்கில் வளைத்து வளைத்துக்
கையெழுத்திட்ட செக்
ஒன்பதாம் நாள் பள்ளிப்பட்டுக்கே திரும்பியது,
வண்டிச் சத்தம் என் தலையில்.

நூற்றுப் பன்னிரண்டு கிடந்த கணக்கில்
நூற்றைம்பது எடுத்தார்கள்.
எடுத்ததற்கு வரி இருபத்தேழு.
பூஜ்யம்தான் தரை என்றிருந்தேன்;
அதற்குக் கீழும் தோண்டி வைத்திருக்கிறார்கள்.
மைனஸ் அறுபத்தைந்து.

ஏமாந்தவனுக்குமா அபராதம்?
“சிஸ்டம் தானா எடுக்கும் சார்.”
காம்பு பழுக்காமல்
மாங்காய்கூடத் தானா விழாது.

சாயங்காலம்
காய் பறிக்கிற முனெம்மா
கைமாற்று வாங்கிய அறுபதைச்
செல்போனில் போட்டுவிட்டாள்.
டிங்.
“கடன் தீந்துச்சாண்ணா?”
தீந்துச்சும்மா என்றேன்.
இன்னும் அஞ்சு ரூபா இருக்கு என்று
வாய்வரைக்கும் வந்தது.