இன்னாசி விற்ற கன்று

பதினேழாவது கொண்டை ஊசி வளைவு தாண்டி
பலாச்சுளைக்கும் மிளகுப் பொட்டலத்துக்கும் நடுவே
கறுப்பு பாலித்தீன் பையில் நின்றது.
நின்றது என்பது தப்பு.
சாய்ந்திருந்தது,
பஸ்ஸில் அடுத்தவன் தோளில் தூங்குகிறவன் மாதிரி.

என்ன மரம் என்றேன்.
கிறிஸ்மஸ் மரமுங்க என்றார் இன்னாசி.
ஏற்காட்டில் ஊசியாய் இலை வைத்ததெல்லாம்
கிறிஸ்மஸ் மரம்தான்:
சவுக்கு, சைப்ரஸ், துஜா,
எல்லாவற்றுக்கும் ஒரே ஞானஸ்நானம்.
நல்லா வளருமா?
"வளருமுங்க. எந்திரிக்காதுங்க."
ஏதோ சொல்கிறார் என்று
நூற்றிருபதை நூறாக்கி
மடியில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.
அடிவாரத்தில்தான் அடைத்த காது திறந்தது.

அஸ்தம்பட்டி லேபில்
பகலெல்லாம் ரத்த அணு எண்ணுகிறவள் நான்.
பெயர் தெரியாத ஒன்றோடு
ராத்திரி தூங்க வராது.

முதலில் ஓர் ஊசியை இழுத்தேன்.
சவுக்கென்றால் கணுக்கணுவாய்க் கழன்று வரும்;
ஊசியிலை வேஷம் கட்டிய பூக்கிற சாதி அது.
இது கழலவில்லை.
கசக்கி மோந்தேன்.
சைப்ரஸ் வாசம் சோறு தின்றாலும் விரலைவிட்டுப் போகாது,
இதில் லேசாய்ப் பிசின், அவ்வளவே.
பைன் என்றால் ஓர் உறைக்குள் இரண்டோ மூன்றோ
கட்டிவைத்த ஊதுபத்தியாய் இருக்கும்.
கட்டே இல்லை.
லென்ஸை வைத்தேன்:
உள்வளைந்த குட்டி நகங்கள்
கிளையைச் சுற்றிச் சுற்றி,
பூனை பாதம் நூறு.

அரோகேரியா.
பசிபிக் தீவுக்காரன்.

உறுதி செய்ய அடுத்த ஞாயிறு மறுபடி ஏறினேன்.
கோயில் மதிலோரம் வளர்ந்தவை ஐந்து,
மணிக்கூண்டைவிட உயரம்.
அத்தனையும் தெற்கே சரிந்திருந்தன.
எங்கே நட்டாலும் பூமியின் இடுப்பைப் பார்த்துச்
சாயும் இனம் என்று படித்தது சரிதான்.
அங்கிருந்து பார்க்க
சேலம் பஸ் எப்போது வரும் என்று
எட்டிப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

மொட்டைமாடியில் பத்தொன்பது தொட்டி வைத்திருக்கும்
ஜெபக்கனிக்கு போன் போட்டேன்.
"போன்சாய்க்கா? அதுவா?
கிளைக்கும் கிளைக்கும் முழ இடைவெளி,
கிள்ளினால் இலை சிறுக்காது,
தலையை வெட்டினால் வெட்டின இடம் மொட்டையாவே நிக்கும்.
பேசாம சவுக்கு வை.
சொன்னதெல்லாம் கேட்கும்."

வேஷக்காரன் தேறினான்,
அசல் தேறவில்லை.

கேட்கவில்லை நான்.
செவ்வாய்ப்பேட்டை மோட்டார் கடையில்
பழைய செம்புக் கம்பி வாங்கி
அடியிலிருந்து நுனிவரை சுற்றி நிமிர்த்தினேன்.
மூன்று மாதம் சிப்பாய் மாதிரி நின்றது.
கம்பியை அவிழ்த்த வாரமே
படுத்துக்கொண்டது.

பிறகுதான் தெரிந்தது,
இன்னாசி விதை போடவில்லை.
காற்றில் முறிந்த பக்கக் கிளையை ஊன்றியிருக்கிறார்.
இந்த இனத்தில் பக்கக் கிளையை நட்டால்
வேர் விடும், இலை விடும், வயசாகும்,
கடைசிவரை பக்கக் கிளையாகவே.
மேலே என்பது எந்தப் பக்கம் என்று
அதற்கு யாரும் சொன்னதில்லை.

நூறு ரூபாய்க்கு
முழு உண்மையும் சொல்லித்தான் விற்றிருக்கிறார்.

லேபில் மிஞ்சிய தாளில் எழுதித் தொட்டியில் ஒட்டினேன்.
பெயர்: அரோகேரியா.
போன்சாய்: தகுதியில்லை.
குறிப்பு என்ற இடத்தை
ஏனோ விட்டுவைத்திருக்கிறேன்.

இந்த மாதம் பால்கனிக் கம்பியைத் தாண்டி
நாலு விரற்கடை போயிருக்கிறது,
பக்கத்து வீட்டு ஏசிப் பெட்டிக்கு நேர் மேலே.
வெட்டச் சொல்லி நேற்று ஆள் அனுப்பினார்கள்.
எந்தப் பக்கம் வெட்டினாலும்
மொட்டையாய் நிற்கும் என்று
அந்தப் பையனிடம் எப்படிச் சொல்வது?
மோர் கொடுத்து அனுப்பினேன்.